கீழே உள்ள மூன்று வரி

பத்துப் பிரதி வேண்டும், அம்மிணி. ஆனால் கீழே இருக்கிற அந்த மூன்று வரி வரக்கூடாது. வெள்ளைத் தாளை மேலே வைத்து மறைத்து எடுத்துக் கொடுங்கள். முடியுமா முடியாதா, அதை மட்டும் சொல்லுங்கள்.

கரண்டு இல்லையா. எப்போது வரும்? தெரியாதா. சரி, இருக்கிறேன். அந்த ஸ்டூலை இப்படித் தள்ளுங்கள்.

படிக்காதீர்கள். அதற்குள் படித்துவிட்டீர்களா? ஜெராக்ஸ் கடைக்காரர்களுக்கு ஊரில் எல்லோருடைய சங்கதியும் தெரியும். பத்திரம், ஜாதகம், டாக்டர் சீட்டு. இதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் முழுக்கத் தெரிந்துகொள்ளுங்கள். அரைகுறையாகத் தெரிந்துகொண்டுதான் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

திரு. அர்த்தனாரி என்று போட்டிருக்கிறதே, அது நான். எழுபத்தொன்று முடிந்துவிட்டது. பொங்கியண்ணன் புகையிலை மண்டியில் நாற்பத்திரண்டு வருஷம் இருந்தேன். அவன் அப்பா காலத்தில் சேர்ந்தது. என்ன வேலை என்கிறீர்களா? கடிக்கிற வேலை.

சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. காட்டிலிருந்து காய்ந்த இலை வரும். கருப்பட்டித் தண்ணீர் தெளித்து, அட்டி அட்டியாக அடுக்கி, புரட்டிப் புரட்டிப் பாடம் பண்ணுவோம். அப்புறம் ஓலைப்பாயில் வைத்துச் சிப்பமாகக் கட்டுவோம். பாயைத் தைப்பதற்கு முன்னால் சிப்பத்துக்கு ஒரு இலை உருவி நான் நுனியைக் கடிப்பேன். கடித்துக் காரம் சொல்வேன். இளங்காரம் என்றால் பாய் மேல் ஒரு சுண்ணாம்புக் கோடு. நடுத்தரம் இரண்டு. முழுக்காரம் மூன்று. மலையாளத்து வியாபாரிகள் சிப்பத்தைப் பிரித்தே பார்க்கமாட்டார்கள். கோட்டைப் பார்ப்பார்கள், ஏற்றிக்கொண்டு போவார்கள்.

கடிக்கிற நாளில் எனக்குக் காபி கிடையாது. ஐம்பது சிப்பம் முடிகிறவரை பச்சைத் தண்ணீர்தான். அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது என்று மண்டியில் சொல்வார்கள். காபியால் வந்த கோபம் இல்லை அது. அவர்கள் செய்கிற வேலையைப் பார்த்து வந்த கோபம்.

இன்னொன்றும் உண்டு. இதைக் கவனமாகக் கேளுங்கள், இதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் கடித்த இலை இருக்கிறதே, அதை எறியமாட்டோம். காம்பில் நூல் கட்டி, சிப்பத்து எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கோத்து, உத்தரத்தில் தொங்கவிடுவோம். நாளைக்கு ஒருத்தன் வந்து இதில் காரம் இல்லை என்று வம்புக்கு நின்றால், அந்த இலையை எடுத்து அவன் வாயில் கொடுப்போம். நாற்பத்திரண்டு வருஷத்தில் நாலு தடவை கொடுத்திருக்கிறோம். நாலு பேரும் வாயைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

போன வருஷம் ஆனி மாதம். அறுபத்து நாலு சிப்பம், அத்தனையும் மூன்று கோடு. நான் போட்டது. கடித்தபோது காது மடல் சுட்டது அம்மிணி, அப்படிக் காரம். லாரி ஏற்றுகிற அன்றைக்கு மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டது. மழை. பொங்கியண்ணன் என்ன செய்தான்? உள்ளே இடமில்லை என்று அத்தனை சிப்பத்தையும் களத்தில் இறக்கித் தார்ப்பாய் போட்டு மூடினான். வேண்டாம் என்றேன். தார்ப்பாய்க்குக் கீழே ஈரம் நிற்கும், சிப்பம் வேகும் என்றேன். “இருக்கட்டும்ண்ணா, நாலு நாளைக்குத்தான” என்றான். இருபத்திரண்டு நாள் கிடந்தது.

அப்புறம் போயிற்று. போன வேகத்தில் திரும்பி வந்தது. அறுபத்து நாலும். காரமே இல்லை, வைக்கோல் மென்ற மாதிரி இருக்கிறது, உங்கள் கோடு போடுகிற ஆளின் நாக்குச் செத்துவிட்டது என்று ஃபோனில் சொன்னார்களாம்.

நாக்குச் செத்துவிட்டது. எனக்கு.

மண்டியில் எல்லோரையும் கூட்டினான். இலை ஆய்கிற பெண்கள், மூட்டை தூக்குகிறவர்கள், எல்லோரும். திரும்பி வந்த சிப்பத்திலிருந்து ஒரு இலையை உருவி என்னிடம் நீட்டினான். கடித்தேன். வாசனை சரி. பிசுபிசுப்புச் சரி. நிறம் சரி. காரம் மட்டும் இல்லை. தேக்கிலையைக் கடித்த மாதிரி. இதில் ஒன்றுமே இல்லையே என்றேன். பொங்கியண்ணன் அதற்குத்தான் காத்திருந்தான்.

“அன்னைக்கு மூணு கோடு போட்ட நாக்கும் இதே நாக்குத்தானுங்களே அண்ணா?”

அன்றைக்கு இருந்தது, இன்றைக்கு இல்லை என்றேன். காரம் என்ன, நடந்தா போகும் என்று ஒருத்தி சிரித்தாள். உத்தரத்தில் தொங்குகிற இலையை எடுத்துக் கடித்துப் பார் என்றேன். பொங்கியண்ணன் வெற்றிலைகூடப் போடமாட்டான். புகையிலை மண்டி வைத்துக்கொண்டு புகையிலையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுகிற ஆள். அவன் சொன்னான்: “நீங்களே கடிச்சு, நீங்களே கட்டி, நீங்களே சாட்சியுமாண்ணா?”

அடுத்த வாரம் சால்வை போர்த்தினான். நாற்பத்திரண்டு வருஷ உழைப்பு, ஓய்வெடுக்க வேண்டிய வயசு, அது இது என்று பேசினான். எல்லோரும் கை தட்டினார்கள். திட்டி அனுப்பியிருந்தால் திரும்பத் திட்டியிருப்பேன். சால்வை போர்த்தினால் என்ன செய்ய முடியும்? அந்தச் சால்வையைச் சுருட்டிப் பானைக்குப் பிரிமணையாக வைத்திருக்கிறேன். அதற்குத்தான் லாயக்கு.

எந்தப் பானையா? அந்த மூன்று வரியில் வருகிற பானைதான். சொல்கிறேன்.

மண்டிக்குச் சேர்வதற்கு ஒரு வருஷம் முன்னால். எங்கள் ஆட்டுக் கொட்டாயில் ஒரு பானை இருந்தது. ஆட்டுக்கு உண்ணி போகப் புகையிலைத் தண்டை ஊறப்போட்ட பானை. அதில் ஒரு நாள் மீந்துபோன கருப்பட்டித் தண்ணீரை ஊற்றி வைத்தேன். சும்மாதான். பத்து நாள் கழித்து அந்தத் தண்ணீரை ஒரு கட்டு இலையில் தெளித்துப் பாடம் பண்ணிப் பார்த்தேன். காரம் இருந்தது, ஆனால் தொண்டையைப் பிடிக்கவில்லை. வழுக்கிக்கொண்டு இறங்கியது. அடுத்த வருஷமும் அப்படியே வந்ததும், பொங்கியண்ணன் அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மென்றுவிட்டு, நாளைக்கே வா என்றார். பானையோடு போனேன்.

அன்றிலிருந்து அந்தப் பானையை நான் கழுவியதில்லை. ஒவ்வொரு வருஷமும் அடியில் நாலு விரல் தண்ணீரை மிச்சம் வைப்பேன். அடுத்த வருஷத்துக் கருப்பட்டித் தண்ணீர் அதன் மேல். பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி. யாரையும் தொட விடமாட்டேன். அர்த்தனாரி அண்ணன் பெண்டாட்டியைக்கூடப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருவார், பானையை விட்டுவிட்டு வரமாட்டார் என்று மண்டியில் கேலி பேசுவார்கள். பேசட்டும். பொங்கியண்ணன் மண்டிச் சரக்குத் தொண்டையைப் பிடிக்காது என்று பாலக்காடு வரை பேர் இருந்ததா இல்லையா? அந்தப் பேர் யாரால் வந்தது?

சால்வை போர்த்திய அன்றைக்கு நான் மூன்றே சாமான்தான் எடுத்துக்கொண்டு வந்தேன். உத்தரத்தில் தொங்கிய அறுபத்து நாலு இலை. திரும்பி வந்த சிப்பத்திலிருந்து ஒரு பிடி இலை. இந்தப் பானை. மருமகள் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள். மறுபடியும் ஆட்டுக் கொட்டாயில் வைத்தேன்.

கரண்டு வந்ததா? விளக்கு மினுக்கியது. இல்லையா. சரி.

போன வருஷம் கார்த்திகையில் ஒரு பெண் வந்தாள். சபிதா. காலேஜில் கிருமிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். புகையிலை மண்டிகளில் மண் எடுத்துக்கொண்டு போகத்தான் வந்தாள். மண்டி வாட்ச்மேன் என்னிடம் அனுப்பியிருக்கிறான். நான் நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள், அம்மிணி. குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

உத்தரத்து இலையில் பத்து வாங்கிக்கொண்டாள். திரும்பி வந்த சிப்பத்திலிருந்து நான் முடிந்துவைத்திருந்த ஒரு பிடி இலையும் வாங்கிக்கொண்டாள். கருப்பட்டித் தண்ணீர் எதில் கலந்தீர்கள் என்று கேட்டாள். பானையைக் காட்டினேன். கையில் உறை மாட்டிக்கொண்டு, குனிந்து, ஒரு கரண்டி எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி மூடினாள். பிரசாதம் வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனாள். சந்தோஷமாக இருந்தது. படித்தவளுக்குத் தெரிகிறது பார் என்று நினைத்தேன்.

இந்த வருஷம் ஆடியில் மறுபடி வந்தாள். கையில் மைசூர்பாகு டப்பா. “தாத்தா, உங்க பானையில கெடைச்சிருச்சு” என்றாள்.

என்ன கிடைத்தது? கிருமி.

அவள் நிகோடின் என்கிறாள். நாம் சொல்கிற காரத்தில் பெரும்பங்கு அதுதானாம். அந்தக் கிருமி அதைத் தின்று உயிர் வாழ்கிறதாம். தட்டில் சோறு, சர்க்கரை எதுவும் போடாமல் நிகோடினை மட்டும் போட்டு வளர்த்துப் பார்த்தாளாம். மற்றதெல்லாம் செத்துவிட்டது, இது மட்டும் கொழுத்துவிட்டது. எப்படிக் கடிக்கும் என்று கேட்டேன். நான் கேட்காமல் யார் கேட்பார்கள்? கடிக்காதாம். வாயே கிடையாது, பல்லும் கிடையாது. நொதி என்று ஒன்றை உண்டாக்கி வைத்திருக்கிறதாம். அந்த நொதிதான் நிகோடினைப் பிடித்து முதல் முறி முறிக்கிறது. முறிந்த பிறகு அது நிகோடினே இல்லை. காரமும் இல்லை. நொதி அப்படியே இருக்கும், அடுத்ததைப் பிடிக்கும். சலிக்காது, பசி தீராது.

எனக்கும் கீழ்வரிசையில் நாலு பல்தான் இருக்கிறது, நான் நாற்பத்திரண்டு வருஷத்தில் ஒரு சிப்பத்தைக்கூட வைக்கோல் ஆக்கவில்லை என்றேன். அவள் சிரித்தாள்.

இதற்குமேல் கேளுங்கள். புகையிலையை விட முடியாதவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் இரத்தத்தில் இந்த மாதிரி நொதியை விட்டால், நிகோடின் தலைக்கு ஏறுவதற்கு முன்னாலேயே முறித்துவிடுமாம். இன்னும் மனுஷனுக்குக் கொடுக்கிற அளவுக்கு வரவில்லை, அங்கங்கே ஆராய்ச்சி நடக்கிறது என்றாள். தலைக்கு ஏறாவிட்டால் அவன் எதற்கு அதை வாயில் போடுவான் என்றேன். “அதுதானுங்க தாத்தா எங்களுக்கும் வேணும்” என்றாள். காரம் போகாமல் காப்பதே வேலையாக இருந்தவன் எதிரில் உட்கார்ந்து சொல்கிறாள். மைசூர்பாகும் கொடுக்கிறாள்.

அந்தக் கிருமிக்கு ஒரு எண் போட்டிருக்கிறாள். எண்ணுக்கு முன்னால் என் பேரின் முதல் எழுத்து. மரியாதைக்காகவாம். நோட்டில் காட்டினாள். இத்தனை நாள் என் பேரில் ஒரு ரேஷன் கார்டுதான் இருந்தது, இப்போது ஒரு கிருமியும் இருக்கிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். உத்தரத்து இலை பத்தையும் அவள் மெஷினில் வைத்துப் பார்த்தாள். பத்திலும் முழுக்காரம். காய்ந்து தொங்கியதால் கிருமிக்கு அங்கே வேலை இல்லை. சிப்பத்து இலையில் ஒன்றுமே இல்லை. அப்படியென்றால் நான் கோடு போட்ட அன்றைக்குக் காரம் இருந்தது. தார்ப்பாய்க்குக் கீழே ஈரத்தில் இருபத்திரண்டு நாள் கிடந்தபோது போயிருக்கிறது. நாக்குச் சாகவில்லை. அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி. ஒரே நாக்கு, இரண்டு தடவையும் உண்மை சொன்ன நாக்கு.

அதை எழுதிக் கொடு என்றேன். அவளும் எழுதினாள், இதோ தமிழிலேயே. முதல் பத்தி உத்தரத்து இலை. இரண்டாவது சிப்பத்து இலை. மூன்றாவது நாக்கு. “திரு. அர்த்தனாரி அவர்களின் மதிப்பீடு சரியானதே.” சரியானதே. அந்த ஏகாரத்தைப் பாருங்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

நிறுத்தவில்லை. கீழே மூன்று வரி.

படித்தேன். பானை என்ற சொல் வந்த இடத்தில் மூடிவிட்டேன். அதற்குமேல் படிக்கவில்லை, படிக்கவும் மாட்டேன். இதை எடுத்துவிடு என்றேன். “பாதி உண்மையில கையெழுத்துப் போட முடியாதுங்க தாத்தா” என்றாள். தாத்தா தாத்தா என்று கூப்பிட்டால் போதுமா?

பானையால் இல்லை, அம்மிணி. தார்ப்பாயால். அத்தனை வருஷமாகப் பானையும் இருந்தது, காரமும் இருந்தது. நீங்களே யோசியுங்கள்.

என்ன? அத்தனை வருஷமும் அந்தக் கிருமிதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, தொண்டையைப் பிடிக்காமல் வைத்திருக்கிறதா? அந்தப் பெண்ணும் இதையேதான் சொன்னாள். பத்து நாள் இருந்தால் முனையை மட்டும் மழுக்குமாம், மூன்று வாரம் ஈரத்தில் இருந்தால் முழுக்கத் தின்றுவிடுமாம். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து படித்தீர்களா? நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். இல்லை, பதிலே சொல்ல வேண்டாம்.

இப்போது எதற்கு அவசரம் என்றால், போன வாரம் பொங்கியண்ணனிடமிருந்து ஆள் வந்தது. என் இடத்தில் அவன் மருமகனைக் கடிக்க வைத்திருக்கிறான். மிட்டாய் தின்றுவிட்டுக் கடிக்கிற பையன். பானை இல்லாமல் பாடம் பண்ணியிருக்கிறார்கள். இந்த வருஷச் சரக்குத் தொண்டையைக் கிழிக்கிறதாம். வியாபாரிகள் முகம் சுளிக்கிறார்களாம். வருகிற மாசியில் புது இலை வரும், அதற்குள் வேண்டும் என்று கேட்டனுப்பியிருக்கிறான்.

என்னை இல்லை. பானையை.

“பானையை மட்டும் குடுத்தனுப்பச் சொன்னாருங்க. வண்டி வேணும்னாலும் அனுப்பறம்னாருங்க.” மட்டும். நாலு விரல் தண்ணீருக்கு வண்டி. எனக்குச் சால்வை.

பானை வேண்டுமென்றால் ஆளோடு வரும் என்று சொல்லியனுப்பினேன். நாளைக்குக் காலையில் நேரில் போகிறேன். இந்தக் காகிதத்தை அவன் மேஜையில் வைக்க வேண்டும். ஒன்று வாட்ச்மேனுக்கு. ஒன்று இலை ஆய்கிற இடத்தில் சுவரில் ஒட்ட. காரம் நடந்தா போகும் என்று ஒருத்தி சிரித்தாளே, அவள் பார்க்கிற மாதிரி. மிச்சம் மலையாளத்து வியாபாரிகளுக்கு. அர்த்தனாரி நாக்குச் சரியானதே. அவ்வளவுதான் எனக்கு வேண்டும். அந்த மூன்று வரியும் சேர்ந்து போனால் பொங்கியண்ணன் பானையும் வேண்டாம், ஆளும் வேண்டாம் என்பான். சொல்லிவிட்டு இன்னொரு சால்வை கொண்டுவருவான்.

அப்படிப் பார்க்காதீர்கள். மறுபடியும் ஈரத்தில் கிடந்தால் மறுபடியும் போய்விடாதா என்றுதானே கேட்கப் போகிறீர்கள்? நான் பக்கத்தில் இருந்தால் கிடக்கவிடுவேனா?

வந்துவிட்டது. ஃபேன் சுற்றுகிறது. எடுங்கள் சீக்கிரம்.

கண்ணாடி மேல் கவிழ்த்து வையுங்கள். வெள்ளைத் தாள் எங்கே? அந்த அளவு போதும். கையெழுத்து மறையக்கூடாது. இன்னும் மேலே. கொஞ்சம் கீழே. ஏன் நிறுத்துகிறீர்கள்?

முத்திரையா? என்ன முத்திரைக்கு?

கொடுங்கள் பார்க்கலாம். ஆமாம். அந்த மூன்று வரி மேலேயே குத்தியிருக்கிறாள். நட்டநடுவில். வரியை மறைத்தால் காலேஜ் முத்திரையில் விளிம்புதான் மிஞ்சும். மறைக்காவிட்டால் வரி தெரியும். தெரிந்தேதான் செய்திருக்கிறாள். நான் இப்படி ஏதாவது ஒரு கடைக்கு வருவேன் என்று தெரிந்திருக்கிறது. மைசூர்பாகு கொடுத்தபோதே நினைத்தேன்.

முத்திரை இல்லாமல் கொண்டுபோனால் பொங்கியண்ணன் என்ன சொல்வான் தெரியுமா? நீங்களே எழுதி, நீங்களே கையெழுத்துப் போட்டு, நீங்களே சாட்சியுமாண்ணா என்பான்.

கிழித்துப் போட்டுவிடலாமா என்று வருகிறது. கிழித்தால் சரியானதேயும் சேர்ந்து கிழிகிறது.

இருங்கள். அணைக்காதீர்கள். அதில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறாள்? படியுங்கள். மூன்று வரியும். என் கண்ணாடியில் வரி தெரியவில்லை. சத்தமாகவே படியுங்கள், கடையில் யாரும் இல்லையே.

“நிகோடினைச் சிதைத்த பாக்டீரியா அவரது கருப்பட்டிப் பானையிலிருந்து பெறப்பட்டது. இலைகளுக்கும் அங்கிருந்தே சென்றிருக்க வேண்டும். இப்பானையை நாற்பத்திரண்டு ஆண்டுகள் இடைவிடாது பேணி வந்தவர் திரு. அர்த்தனாரி.”

கடைசி வரியை இன்னொரு தடவை படியுங்கள்.

நாற்பத்திரண்டா?

தப்பு. முழுத் தப்பு. மண்டிக்குத்தான் நாற்பத்திரண்டு. உங்களிடமே சொன்னேனே, மண்டிக்கு முன்னால் ஆட்டுக் கொட்டாயில் ஒரு வருஷம். இப்போது மறுபடி கொட்டாயில் ஒன்றரை. கூட்டுங்கள். அவளிடமும் இதைத்தான் சொன்னேன், காதில் வாங்காமல் எழுதியிருக்கிறாள். இடைவிடாது என்று சரியாக எழுதத் தெரிகிறது, வருஷத்தை எண்ணத் தெரியவில்லை. பொங்கியண்ணன் படிப்பான், வியாபாரிகள் படிப்பார்கள், சுவரில் ஒட்டினால் ஊரே படிக்கும். பானை மண்டியில்தான் பிறந்தது என்று நினைத்துக்கொள்வார்கள்.

பேனா கொடுங்கள். சிவப்பு வேண்டாம், அதே கறுப்பு.

நாற்பத்தைந்து என்று முழுசாகப் போட்டுவிடலாமா என்கிறீர்களா? வேண்டாம் அம்மிணி, பொய் எதற்கு? நாற்பத்து நாலரை.

ஆயிற்று. அந்த வெள்ளைத் தாளை எடுத்துவிட்டு, இப்போது எடுங்கள். பத்து.